காலையில் கழலாத மோதிரம்

இரண்டு மாதங்களாக எழுதாமல் வைத்திருந்த விஷயம் இது. சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் சித்தியிடமிருந்து அனுமதி கிடைத்தது.

"என் பேரப் போடாத. லேப் பேரயும் போடாத. மோதிரத்தப் பத்தி வேணா எழுதிக்க."

ஆகவே, மோதிரத்தைப் பற்றி.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டர். சித்தியின் வலக்கையை எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அதே கையில் ஒரு திருமண மோதிரம். அதைக் கழற்றுவதற்காக நான் சித்தியின் விரலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் செலுத்தி, விரலை நகம் வரை நெருக்கமாகச் சுற்றி, பிறகு அடியிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் தானாக ஏறி வந்துவிடும் — என்று எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் உறுதி கூறியிருந்தார்.

வரவில்லை.

"சோப்பு போடும்மா."

"சோப்புலாம் வாணாம். தேங்கா எண்ண."

"கைய மேல தூக்கிப் புடிங்கக்கா, வீக்கம் எறங்கிரும்."

குடிகாடு கிராமத்திலிருந்து வந்திருந்த ஒருவர், கட்டர் வைத்து நறுக்கிவிடலாம் என்றார். அவர் தம் முழங்காலுக்காக வந்தவர். அடுத்தவர் விரல் விஷயத்தில் அவருக்குத் தயக்கமே இல்லை.

முடிவில் டெக்னீஷியன் வெளியே வந்தார். "மோதிரம் இருந்தா அந்த எடமே படத்துல கெட்டுடும்மா. வேற எங்கனா எடுத்தா கூட பாக்கலாம். நீங்க எடுக்கறதே கைய..."

சித்தி சற்று யோசித்தார். பிறகு, மிக இயல்பாக, ஒரு வாக்கியம் சொன்னார்:

"அப்ப சாயங்காலம் வரட்டா? சாயங்காலம்னா அதுவே கழண்டுக்கும்."

அறையில் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. டெக்னீஷியன் நோட்டைப் புரட்டி, நான்கு மணிக்கு வரச் சொன்னார். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், நான்கு மாதங்களாகச் சித்தி மறைத்துக்கொண்டிருந்ததன் முழு வடிவம் அந்த ஒற்றை வாக்கியத்தில் இருந்தது.

என் சித்தியைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது ஆண்டுகளாக ரத்தம் எடுப்பவர். நான் எம்.ஏ. தமிழில் சேர்ந்த நாள்முதல் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். பிறர் கையில் நரம்பு தேடுவதில் அவருக்கு நிகர் அவரே. குழந்தைகள் அழுவதற்குள் வேலை முடிந்திருக்கும். பிற லேபுகளில் மூன்று குத்து வாங்கியவர்கள், 'அந்த அக்கா இருக்காங்களா?' என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார்கள். அவர் கண்ணால் நரம்பைத் தேடுவதில்லை. விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். அந்த விரல்கள்தான் அவருடைய பட்டம், பதவி, மரியாதை எல்லாம்.

அவருக்கென்று ஒரு வசனமும் உண்டு: "ரத்தம் பொய் சொல்லாது."

'நான் இனிப்பே தொடறதில்ல' என்று சத்தியம் செய்யும் சர்க்கரை நோயாளிகளிடம் ரிப்போர்ட்டை நீட்டும்போது சொல்வார். வீட்டிலும் சொல்வார்.

மதியம் சாப்பிட்டாயா என்று தினமும் என்னிடம் கேட்பார். நான் 'ம்ம்' என்பேன். நூலகத்தில் உட்கார்ந்தால் எனக்கு டிபன் பாக்ஸ் நினைவுக்கு வராது. ஆனால் 'ம்ம்' என்பது பொய்யில் சேருமா என்ன?

ஐப்பசியில் தொடங்கியது. காலை ஆறரைக்கெல்லாம் லேபில் வெறும் வயிற்றோடு கூட்டம் காத்திருக்கும். சித்தி வழக்கமாக ஐந்தரைக்கு எழுவார். திடீரென நாலரைக்கு எழத் தொடங்கினார். அந்த நேரத்தில் படிப்பது என் பழக்கம். ஆகவே சமையலறையின் ஒவ்வோர் ஒலியும் எனக்குக் கேட்கும். முதலில் அடுப்பு பற்றவைக்கும் ஒலி. பிறகு அண்டாவிலிருந்து பேசினில் வெந்நீர் ஊற்றும் ஒலி. பிறகு... ஒன்றுமில்லை. நீண்ட அமைதி.

ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனேன். சித்தி இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை பேசினில் அமிழ்த்தியபடி நின்றிருந்தார்.

"குளுருடி பாப்பா" என்றார்.

ஐப்பசியில் சிதம்பரத்தில் குளிரா? நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எளிதாக வருகிற காரியம்.

ஆனால் பாடம் படிக்கும் கண் சும்மா இருக்குமா? ஐந்து மணிக்குக் காபி டம்ளரை விரல்களால் பிடிக்காமல், இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்திக் குடிக்கிறார். திறக்க முடியாத ஊறுகாய் பாட்டிலை என்னிடம் நீட்டி, "இத இன்னான்னு பாரு" என்கிறார். ஐந்தே முக்காலுக்குத்தான் ஜாக்கெட் கொக்கி போட முடிகிறது. வெந்நீர் தொடங்கிக் கொக்கி வரை ஒன்றே கால் மணி நேரம். ஒவ்வொரு நாளும். உறங்கும் விரல்களை எழுப்பி வேலைக்கு அனுப்புவதற்காக ஒரு மனுஷி ஒரு மணி நேரம் முன்னதாக எழுகிறார்!

மார்கழியில் மோதிரப் பிரச்சினை வந்தது. குளிக்கும்போது கழற்றும் மோதிரம் கழலவில்லை. சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா, காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் நோயைக் கண்டுபிடித்தார்.

"நீ ஒடம்பு போட்டுட்ட. அதான்."

"நீங்க மட்டும் துரும்பாட்டம் இருக்கீங்களா?"

"சரி சரி... சாயங்காலம் ஆசாரிகிட்ட குடுத்துப் பெருசு பண்ணிரலாம், வா."

மாலையில் மூவரும் தெற்கு வீதிக்குப் போனோம். ஆசாரி விரலைப் பார்த்தார். மோதிரத்தைத் தொட்டார். அது வழுக்கிக்கொண்டு அவர் கையில் விழுந்தது.

"ஏங்க... இதயா பெருசு பண்ணணும்? ஏற்கெனவே லூசால்ல இருக்குது?"

சித்தப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. காலையில் தாமே இழுத்துப் பார்த்ததாகச் சாதித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்து, ஒரு விஞ்ஞான விளக்கத்தையும் உருவாக்கினார்: மார்கழிப் பனியில் தங்கம் சுருங்குகிறது, வெயில் ஏறினால் விரிகிறது. இதைப் பிறகு கடையில் பலருக்கும் விளக்கியிருக்கிறார் என்று கேள்வி.

சித்தி மறுத்தாரா? இல்லை. "இருக்கும் இருக்கும்" என்றார். தங்கத்தின் மீது பழி விழுந்தால் விரல் தப்பித்துக்கொள்ளும் அல்லவா?

ஆனால் அவருக்குச் சந்தேகம் இருந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? தம் லேபிலேயே, தம் ரத்தத்தைத் தாமே எடுத்து, முடக்குவாதத்துக்கான ஆர்ஏ ஃபேக்டர் டெஸ்ட்டை மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று முறையும் நெகட்டிவ். கையை எக்ஸ்ரேயும் எடுத்திருக்கிறார். நார்மல். மூன்று நெகட்டிவும் ஒரு நார்மலும் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. வலிக்கும்போதெல்லாம் எடுத்துப் படித்துக்கொள்வார்போலும்.

ரத்தம் பொய் சொல்லாதுதான். ஆனால் பேசாமல் இருக்கலாமே? அது அவருக்குத் தோன்றவில்லை. அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது.

பொங்கல் கழிந்த வாரம், லேபில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்குச் சித்தி முதல் தடவை குத்தியதில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. "பரவால்லம்மா, இன்னொரு கையில எடு" என்றாராம் அவர், அன்பாக. அந்த அன்பைத்தான் சித்தியால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்:

"ரெண்டு குத்து, பாப்பா. அந்த மனுசன் திட்டக்கூட இல்ல."

மறுநாளே கடலூரில் மூட்டு நோய் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். துணைக்கு நானும் போனேன். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சித்தியின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"காலைல எழுந்ததும் கை எவ்ளோ நேரம் விறைப்பா இருக்கு?"

"அது... ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும், மேடம்."

அஞ்சு நிமிஷம்!

அடுத்தவர் ரத்தத்தில் ஒரு புள்ளி கூடினாலும் கண்டுபிடிக்கிறவர், தம் வலியில் எழுபது நிமிடங்களைத் தள்ளுபடி செய்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் பயந்தது வலிக்கு அல்ல. முடக்குவாதம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், நாளைமுதல் ஊசியைத் தொடவிடமாட்டார்கள் என்று பயந்தார்.

நான்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சித்தி பேச்சை மறுத்து, அந்நியர் முன்னால், எப்படி... வாய் திறக்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை, பாருங்கள். பேசாமல்தான் இருந்தேன்.

டாக்டர் சித்தியின் முகத்தையும் மூட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்தான்னா பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா எனக்கு இந்த ரெண்டு மூட்டுதான் பிடிக்கல. எதுக்கும் ஒரு எம்ஆர்ஐ பாத்துருவோம்."

இப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வந்து சேர்ந்தோம்.

அன்று பகல் முழுவதும் கடலூரிலேயே, மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வீட்டில் இருந்தோம். ஸ்கேனுக்குள் உலோகம் கூடாது என்பதால், தாலிச் சங்கிலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி அம்மா சித்திக்குப் போட்டுவிட்டார். மெட்டிக்குப் பதில் இரண்டு கால்விரல்களிலும் நூல். "புதுப் பொண்ணு மாதிரி இருக்கியே" என்று அம்மா கேலி செய்தார். மூன்று மணிக்குச் சித்தி விரலை லேசாக உதறினார். மோதிரம் சோற்றுத் தட்டருகே விழுந்து உருண்டது.

நான் அதை எடுத்து என் பர்ஸில் போட்டுக்கொண்டேன். சாட்சியம் அல்லவா?

நான்கு மணி. படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற, இடக்கையில் ஊசி குத்த வந்தார் டெக்னீஷியன். அவர் செய்த பாவம் என்னவோ.

"தம்பி, அந்த வெய்ன் வாணாம். உருளும்."

"நல்லாத்தாம்மா இருக்கு..."

"பாக்கத்தான் நல்லா இருக்கும். இங்க தொட்டுப் பாரு. தெரிதா? இது. பெவல, அந்த ஊசி முனை வெட்ட, மேல பாத்து வையி. ம்... இப்ப போ."

ஒரே குத்தில் கிடைத்தது. டெக்னீஷியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க லேபா மேடம்?" என்றார். அம்மா என்பது மேடம் ஆகியிருந்ததைக் கவனித்தேன்.

கையை எம்ஆர்ஐ எடுக்கும் முறை வேடிக்கையானது. குப்புறப் படுத்து, வலக்கையைத் தலைக்கு மேல் நேராக நீட்டிக்கொள்ள வேண்டும். வானத்தில் பறக்கும் சூப்பர்மேன் போல. அரை மணி நேரத்துக்கு மேல். "அசையவே கூடாது மேடம்" என்றார் அவர், சற்றே திருப்தியோடு. இருபது ஆண்டுகளாக ஊருக்கே 'அசையாதீங்க' என்று சொல்லிவந்தவர், மஞ்சள் கயிறோடு பறந்தபடியே உள்ளே போனார்.

வெளியே வந்ததும் ஒரே குறைதான் சொன்னார். "இன்னா சத்தம்டி! நெல்லு மில்லுல மெஷினுக்கு அடியில படுத்தாப்ல இருக்குது."

மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது. நான்தான் முதலில் படித்தேன். இலக்கியம் படிக்கிறவளாக அந்த நடை என்னை மிகவும் கவர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்குமே 'ஆம்' என்று சொல்லாத நடை. 'இதனோடு பொருந்துகிறது', 'இதைக் குறிக்கலாம்', 'மருத்துவரின் நேரடிப் பரிசோதனையோடு சேர்த்துக் காண்க.' மூலத்தைக் கொடுத்துவிட்டேன், உரையை வேறொருவர் எழுதட்டும் என்கிற பணிவு.

உரை எழுத வேண்டியவர் டாக்டர். அவர் அறையின் திரையில் சித்தியின் கை. விரல் மூட்டுகளைச் சுற்றி, வெள்ளை வெள்ளையாக மினுங்கும் வளையங்கள்.

"மூட்டச் சுத்தி இருக்கற சவ்வு வீங்கியிருக்கு. இதோ, இந்த எலும்புக்குள்ள லேசா நீர் கோத்த மாதிரி... தெரியுதா? இதெல்லாம் எக்ஸ்ரேல தெரியாது. எலும்பு அரிச்ச பிறகுதான் எக்ஸ்ரே சொல்லும். உங்களுக்கு இன்னும் அரிக்கல. அதான் நல்ல சேதி."

"ஆனா ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், மேடம். மூணு தடவ."

"சில பேருக்கு நெகட்டிவாவே இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா? தெரியும். தம் ரத்தமும் அந்தச் சில பேரில் ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் தெரியாது.

எக்ஸ்ரே என்பது அச்சாகி வந்துவிட்ட புத்தகம். பிழை இருந்தால் இருந்ததுதான். எம்ஆர்ஐ, அச்சுக்குப் போகும் முன்னுள்ள கையெழுத்துப் பிரதி. இன்னும் திருத்தலாம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "மருந்து எந்த அளவுல ஆரம்பிக்கணும்னு நான் முடிவு பண்ணணும். மறுபடி கேக்கறேன். காலைல எவ்ளோ நேரம் விறைப்பு?"

சித்தி புடவைத் தலைப்பைப் பார்த்தார். "ஒரு... அஞ்சு..."

"ஒண்ணே கால் மணி நேரம்" என்றது ஒரு குரல்.

என்னுடையது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை. நாலரைக்கு வெந்நீர், ஐந்துக்கு உள்ளங்கையில் டம்ளர், ஐந்தே முக்காலுக்குக் கொக்கி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பர்ஸைத் திறந்து மோதிரத்தை மேஜையில் வைத்தேன். "இது காலைல ஏழரைக்கு நூலுக்கும் சோப்புக்கும் வரல. சாயங்காலம் மூணு மணிக்குத் தானா விழுந்துச்சு. மார்கழிலேர்ந்து இப்படித்தான், டாக்டர்."

சித்தி என்னை முறைத்தார். "ஊமையாட்டம் இருந்துக்கிட்டு... எல்லாத்தயும் கணக்கெடுத்திருக்கா பாரு!"

டாக்டர் மோதிரத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தே விட்டார். "எம்ஆர்ஐக்கு முன்னாடியே இது ரிப்போர்ட் குடுத்திருக்கே! யாரும் படிக்கலியா?"

படித்தோம். தங்கம் சுருங்குகிறது என்று உரை எழுதினோம்.

பிறகு சித்தி, நான்கு மாதங்களாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். "நான் ஊசி போடலாமா, மேடம்?"

"ஒரு ஆறு வாரம் ரெஜிஸ்ட்ரேஷன்ல உக்காருங்க. மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடறது. மறந்தும் தினம் போட்ராதீங்க. அப்புறம் பாப்போம். நீங்க ஊசி பிடிக்கவே கூடாதுன்னு நான் எங்கயும் எழுதப் போறதில்ல."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் சித்தி என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நாம் எல்லோருமே இதைத்தான் செய்கிறோம் என்று அப்போது தோன்றியது. விரல் ஏன் வீங்குகிறது என்று கேட்பதைவிட, மோதிரத்தைப் பெரிதாக்குவது எளிது. ஒருவேளை அந்த ஆசாரியிடம் நாங்கள் காலையில் போயிருந்தால்? பெரிதாக்கியே கொடுத்திருப்பார். சித்தப்பா தம் விஞ்ஞானத்தோடு நிம்மதியாக இருந்திருப்பார். எலும்பு தன் பாட்டுக்கு அரித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஆறு வாரங்கள் சித்தி லேபில் பெயரும் வயதும் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தார். வெந்நீர் ஒலி ஐந்து மணிக்கு நகர்ந்தது. பிறகு ஐந்தே காலுக்கு. பிறகு ஒரு நாள், ஒலியே இல்லை. ஐந்தரைக்கு எழுந்து வந்தவர், என் மேஜையருகே நின்று, விரலில் இருந்த மோதிரத்தைச் சுற்றிக் காட்டினார். பம்பரம்போலச் சுழன்றது.

"அடடா, இப்ப ரொம்ப லூசாயிருச்சே" என்றார் சித்தப்பா. "ஆசாரிகிட்ட குடுத்துச் சின்னதா..."

"ஒரு ஆணியும் புடுங்க வாணாம். நூல் சுத்திப் போட்டுக்கறேன். தெனம் காலைல சுத்திப் பாக்கணும் நானு."

மறுபடி ரத்தம் எடுக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் முதல் ஊசிக்குச் சித்திக்குத் தைரியம் வரவில்லை. பழைய வாத்தியார் முகம் கண்ணிலேயே நின்றது. சென்ற வியாழன் காலை ஆறு இருபதுக்கு, லேபில் கூட்டம் வரும் முன், ஒரு கை தேவைப்பட்டது. குத்து தவறினாலும் வெளியே போய்ச் சொல்லாத ஒரு கை.

வாசகர்களே, எனக்கு ஊசி என்றால் மயக்கம் வரும். ஆனாலும் நீட்டினேன்.

சித்தி ரப்பர் பட்டையை இறுக்கினார். விரல் நுனி என் முழங்கை மடிப்பில் இறங்கி, நின்று, சற்றே நகர்ந்து, மறுபடி நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். முழுக் கவனத்தோடு சுவரையே பார்த்துக்கொண்டேன்.

"எப்ப குத்தப் போறீங்க, சித்தி?"

"பஞ்ச அழுத்திப் புடி."

குழாயில் ரத்தம் நிறைந்திருந்தது. சித்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை வருணிக்க என்னிடம் சொல் இல்லை. எம்.ஏ. படித்தும்.

எடுத்த ரத்தத்தை வீணாக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மாலையில் வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள்.

"ஹீமோகுளோபின் எட்டரை. பன்னெண்டாச்சும் இருக்கணும். தெனமும் மதியம் சாப்ட்டேன்னு 'ம்ம்' கொட்டுனியேடி? ரத்தம் பொய் சொல்லாது!"

நாலு நாளாக எங்கள் வீட்டில் மூன்று வேளையும் முருங்கைக்கீரை.